பிபி மேல் போட்ட பழி

மலேரியாவும் சிக்கிள் செல்லும் பற்றிப் பேசின எபிசோடுக்கு அப்புறம், "ஒரு நோயிலிருந்து காப்பாத்துற ஜீன் இன்னொரு நோயைக் கொண்டுவர்ற கதை வேற இருக்கா?"ன்னு சிலர் கேட்டிருந்தீங்க. இருக்கு. ஆனா இதுல என்னை இழுத்தது ஜீன் மட்டும் இல்ல. பழி யார் மேல விழுந்ததுங்கிறதும்தான்.

அமெரிக்காவில் சிறுநீரகம் முழுசா செயலிழப்பது வெள்ளையர்களை விடக் கறுப்பின மக்களிடம் பல மடங்கு அதிகம். சர்க்கரை நோய் இல்லாத கறுப்பின நோயாளி என்றால், ஃபைலில் பெரும்பாலும் எழுதப்பட்ட காரணம் உயர் ரத்த அழுத்தம். அதாவது உப்பைக் குறைக்கலை, மாத்திரையை ஒழுங்கா போடலைன்னு சொல்லாமச் சொல்றது. ஆனா சிறுநீரகம் கெட்டாலே பிபி ஏறும். அப்போ எது காரணம், எது விளைவு?

1995ல் 'ஆஸ்க்' என்ற ஆய்வு தொடங்கியது. சிறுநீரக நோயும் உயர் ரத்த அழுத்தமும் இருந்த 1,094 கறுப்பின அமெரிக்கர்கள் அதில் சேர்ந்தார்கள். ஒரு பிரிவுக்கு வழக்கமான பிபி இலக்கு, இன்னொரு பிரிவுக்கு இன்னும் குறைவான இலக்கு. 2002ல் முடிவு வந்தது. ராமிப்ரில் மாத்திரை மற்ற மருந்துகளை விட ஓரளவு உதவியது. ஆனா பிபியைக் கடுமையாகக் குறைத்ததால் மட்டும் நோயின் வேகம் குறையவில்லை. சொன்ன பேச்சைக் கேட்டு மாத்திரை போட்டவங்களுக்கும் சிறுநீரகம் கெட்டுக்கிட்டே போனது.

2008ல் இரண்டு குழுக்கள் 22வது குரோமோசோமில் ஒரு ஜீனைக் கைகாட்டின. எம்ஒய்எச்9 என்று பெயர். புள்ளிவிவரம் பலமா இருந்தது. ஆனா அந்த ஜீனுக்குள் நோயை உண்டாக்கும் மாற்றம் எதுவும் சிக்கவில்லை. என் வேலையில் இது அடிக்கடி நடக்கும்: எர்ரர் வர்ற மாட்யூலை ரெண்டு நாள் நோண்டுவோம், தப்பு பக்கத்து மாட்யூலில் இருக்கும். இங்கேயும் அதேதான். பக்கத்துப் பக்கத்து ஜீன்கள் பெரும்பாலும் சேர்ந்தே பிள்ளைகளுக்குப் போகும். 2010ல் நிஜக் குற்றவாளி அகப்பட்டது: பக்கத்திலேயே இருந்த ஏபோல்1. அதன் இரண்டு மாற்றங்களுக்கு ஜி1, ஜி2 என்று பெயர் வைத்தார்கள்.

வேடிக்கை என்னன்னா, ஏபோல்1 வேற துறைக்காரர்களுக்கு முன்னாடியே பழக்கம். ஆப்பிரிக்காவில் ட்செட்சி ஈ கடித்தால் வரும் தூக்க நோயின் கிருமி ட்ரிப்பனோசோம். நம்ம ரத்தத்தில் இருக்கும் ஏபோல்1 புரதம் அந்த இனக் கிருமிகளை வெடிக்க வைக்கும் என்று பிரஸ்ஸல்ஸ் விஞ்ஞானிகள் 2003ல் காட்டியிருந்தார்கள். ரொடீசியன்ஸ் என்ற வகை மட்டும், இந்தப் புரதத்தைப் பிடித்து முடக்கும் ஒரு ஆயுதத்தை வைத்திருக்கிறது. ஜி1, ஜி2 மாற்றம் உள்ள புரதமோ அந்தப் பிடியில் சரியாகச் சிக்காது. ஒரு நெருடல்: ரொடீசியன்ஸ் இன்று இருப்பது கிழக்கு ஆப்பிரிக்காவில், ஜி1 அதிகம் இருப்பது மேற்கில். அடிமை வணிகத்தில் கப்பலேற்றப்பட்ட மேற்கு ஆப்பிரிக்கர்களோடுதான் இது அமெரிக்கா வந்தது.

ஒரு பிரதி மட்டும் இருந்தால் சிறுநீரகத்துக்குப் பெரிய ஆபத்தில்லை. அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் வந்தால்தான் சிக்கல். கறுப்பின அமெரிக்கர்களில் சுமார் 13 சதவீதம் பேர் அப்படி. 2013ல் அதே ஆஸ்க் நோயாளிகளின் மரபணுவைப் பார்த்தபோது, இரட்டைப் பிரதி உள்ளவர்களில் 58 சதவீதம் பேருக்கு நோய் முற்றியிருந்தது. மற்றவர்களில் 37 சதவீதம். அதேசமயம் இரட்டைப் பிரதி இருக்கிற பெரும்பாலோருக்குச் சிறுநீரகம் செயலிழப்பதே இல்லை. எச்ஐவி மாதிரி இன்னொரு அடி சேர்ந்தால் ஆபத்து எகிறுது.

சரி, புரதம் பழுதானதால் நோயா, இல்ல புரதமே விஷமாகிறதா? இதற்கு விடை கொடுத்தவர்களில் ஒருவர் மகாராஷ்டிர விவசாயி. கால்நடைகளுக்கு வரும் ட்ரிப்பனோசோம் அவரைத் தொற்றியது. மனிதருக்கு வரவே கூடாத கிருமி! சோதித்தால் அவர் உடம்பில் வேலை செய்யும் ஏபோல்1 துளியும் இல்லை. ஆனா சிறுநீரகம் நல்லாவே இருந்தது. அப்படின்னா இந்தப் புரதம் இல்லாமலே வாழலாம்; ஜி1, ஜி2 செய்வதுதான் கேடு. அப்போ அதை அடக்கினால் போதுமே?

இனாக்ஸாப்ளின் என்ற மாத்திரை அந்த எண்ணத்தில் வந்ததுதான். 2023ல் வெளியான சிறிய ஆய்வில், 13 வாரத்தில் சிறுநீரில் கசியும் புரதம் சராசரியாக 47.6 சதவீதம் குறைந்தது. கணக்கில் வந்தவர்கள் 13 பேர்தான், அதை மறக்க வேண்டாம். இந்தத் தடவை சோதித்தது பிபியை இல்லை, ஏபோல்1ஐ.