இருக்கையை மறுத்த ஆசிரியர்



பணி ஓய்வு பெற்ற நம்மவர் சிலர், தாம் வாழும் நாட்டை விட்டு வேறொரு நாட்டின் கிறிஸ்தவக் கல்லூரிக்குச் சென்று, ஊதியமின்றிச் சில மாதங்கள் தலைமைத்துவம் கற்பிக்க விழைகின்றனர். போற்றத்தக்க விருப்பம் இது. புறப்படும் முன் அவர்கள் அறிந்துகொள்ள வேண்டிய வரலாறு ஒன்று உண்டு.

1881ஆம் ஆண்டு கேம்பிரிட்ஜ் மறைபரப்புப் பணியாளர்கள் தில்லியில் செயின்ட் ஸ்டீபன்ஸ் கல்லூரியை நிறுவினர். தொடக்கம் முதல் அதன் முதல்வர்கள் ஆங்கிலேயராகவே இருந்தனர். வங்காளக் கிறிஸ்தவரான சுசீல் குமார் ருத்ரா 1886இல் அங்கு ஆசிரியராகச் சேர்ந்தார். 1904இல் இங்கிலாந்திலிருந்து சார்லஸ் ஃபிரீயர் ஆண்ட்ரூஸ் என்னும் ஆங்கிலிக்கன் குரு கற்பிக்க வந்தார். ஆண்ட்ரூசுக்கு அப்போது வயது 33; ருத்ரா அவரினும் பத்து ஆண்டுகள் மூத்தவர்.

1906இல் முதல்வர் பதவி காலியானது. ஆங்கிலேய ஆசிரியர்கள் ஓர் இந்தியருக்குக் கீழ்ப் பணியாற்றுவது முறையாகுமா என்ற தயக்கம் திருச்சபை வட்டாரங்களிலேயே இருந்தது. ஆண்ட்ரூஸ் அவ்விருக்கையை நாடவில்லை. தகுதியும் அனுபவமும் உள்ள ருத்ராவே முதல்வராக வேண்டும் என்று உறுதியாக நின்றார். அவ்வாறே ருத்ரா அக்கல்லூரியின் முதல் இந்திய முதல்வரானார். 1923 வரை அப்பொறுப்பில் இருந்தார்.

அதன்பின் ஆண்ட்ரூஸ் செய்ததே இன்னும் அரியது. ஆளும் இனத்தைச் சேர்ந்த அவர், ஆளப்படும் இனத்தவர் ஒருவரின் தலைமையின்கீழ் 1914 வரை ஆசிரியராகப் பணியாற்றினார். எந்த விரிவுரையும் கற்பிக்க இயலாத பாடத்தை அம்மாணவர்கள் அன்றாடம் கண்ணால் கண்டனர். ருத்ராவின் நட்பு வழியாக இந்தியாவைப் புரிந்துகொள்ளும் பேறும் ஆண்ட்ரூசுக்குக் கிட்டியது. கற்பிக்க வந்தவர் கற்றுக்கொண்டார்.

அதன் கனிகள் கல்லூரி மதிலைக் கடந்தன. 1914இன் தொடக்கத்தில் கோகலேயின் வேண்டுகோளின்படி தென்னாப்பிரிக்கா சென்ற ஆண்ட்ரூஸ், டர்பன் துறைமுகத்தில் காந்தியைக் கண்டதும் குனிந்து அவர் பாதம் தொட்டார். அங்கிருந்த வெள்ளையர் பலர் அதனை இழிவாகக் கருதினர். காந்தி 1915இல் தாயகம் திரும்பியபின் தில்லியில் தங்கியது முதல்வர் ருத்ராவின் இல்லத்தில்தான்.

அதே ஆண்டில் ஆண்ட்ரூஸ் தம் நண்பர் பியர்சனுடன் பிஜித் தீவுகளுக்குச் சென்றார். ஏறத்தாழ 60,000 இந்தியர் ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேற்றப்பட்ட மண் அது. 1903 முதல் சென்னைத் துறைமுகத்திலிருந்து சென்ற தமிழரும் அவர்களுள் அடங்குவர். கரும்புத் தோட்டங்களில் அவர்கள் பட்ட துயரை அவர் நேரில் கண்டு அறிக்கையாக வெளியிட்டார். அம்முறைக்கு எதிராக எழுந்த இந்திய மக்களின் குரலுக்கு அவ்வறிக்கை வலுவூட்டியது. 1920 சனவரி முதல் நாள் பிஜியில் எஞ்சிய ஒப்பந்தங்கள் நீக்கப்பட்டன. புலம்பெயர்ந்த தமிழராகிய நாம் இந்த நன்றிக்கடனை மறத்தல் தகாது. எளியோரின் உறவினர் எனப் பொருள்படும் 'தீனபந்து' என்ற பெயரை மக்கள் அவருக்கு வழங்கினர்.

அன்பர்களே, வெளிநாட்டிலிருந்து வரும் ஆசிரியருக்கு எளிதில் மரியாதை கிடைத்துவிடும். அவருடைய உச்சரிப்பும் பட்டமும் கடவுச்சீட்டும் அவருக்கு முன்னே சென்று முதல் வரிசையில் இடம்பிடித்துவிடும். பல்லாண்டுகள் அங்கேயே உழைத்த உள்ளூர் ஆசிரியரோ பின்வரிசையில் அமர்ந்திருப்பார். ஆகவே செல்வோர் முதல் நாளிலேயே அவரைத் தேடிக் காணுங்கள். பாடத்திட்டத்தை அவரோடு அமர்ந்து வகுத்திடுங்கள். நீங்கள் திரும்பும் நாளில் அவ்வகுப்பு அவர் கையில் இருக்கட்டும். திருமுழுக்கு யோவான் மணமகனின் தோழராக ஒதுங்கி நின்று மகிழ்ந்தார். விருந்தினராகச் செல்லும் ஆசிரியருக்கும் அம்மகிழ்ச்சியே உரிய ஊதியம்.

இறையாசீர் உங்கள் இல்லங்களில் நிறைவதாக.