கொள்ளைநோய்க் காலத்துக் கூட்டமும் காவலும்

கொச்சியின் பழைய வாணிகப் பகுதியான மட்டாஞ்சேரியில் கூட்டம் என்பது அன்றாடக் காட்சி. குசராத்தியரும் கொங்கணியரும் முஸ்லிம்களும் கிறித்தவரும் தமிழரும் கிடங்குகளுக்கும் குறுகிய சந்துகளுக்கும் நடுவே தோளுரசி வாழும் இவ்வூரில், மனிதரை மனிதரிடமிருந்து ஆறடி விலக்கி நிறுத்துவது எத்துணை அரிய செயல் என்பதை இங்குள்ளோர் நன்கறிவர். கேரளத்தில் கொரோனா நோயால் நேர்ந்த முதல் இறப்பு 2020 மார்ச் 28-இல் பதிவாயிற்று. துபாயிலிருந்து திரும்பியிருந்த, மட்டாஞ்சேரி வட்டாரத்து முதியவர் ஒருவரின் இறப்பு அது. நாடெங்கும் ஊரடங்கு தொடங்கிய நான்காம் நாள் அன்று. அடுத்து வந்த மாதங்களில், தெருமுனையில் மருத்துவரைக் காட்டிலும் காவலரையே மக்கள் மிகுதியாகக் கண்டனர்.

நோய் பரவும் காலத்தில் மக்கள் கூடி நின்று குரல் எழுப்பினால் அரசு என்ன செய்தல் வேண்டும்? கூடாதே என்று தடுப்பது எளிது; ஏன் கூடினர் என்று கேட்பது அரிது. இவ்வினா நம் நாட்டிற்குப் புதிதன்று. நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன்னரே இதற்கு ஒரு விடை எழுதப்பட்டுவிட்டது. அவ்விடையை முதற்கண் நோக்குவோம்.

1896-இல் பம்பாயில் பிளேக் நோய் பரவியது. அவ்வாண்டு அக்டோபரிலேயே ஆலைத் தொழிலாளர் பெருந்திரளாகச் சென்று ஆர்தர் சாலை மருத்துவமனையைத் தாக்கினர். 1897 பிப்ரவரி 4-ஆம் நாள் கொள்ளைநோய்ச் சட்டம் நிறைவேறிற்று. கோப்புகளோடு நாளும் பழகும் நம்மைப் போன்றோர்க்கு அச்சட்டம் ஒரு வியப்பு. நிறைவேறியபோது அதில் இருந்தவை நான்கே பிரிவுகள். தலைப்பையும் எல்லையையும் கூறுவது முதற்பிரிவு. தேவை என்று தோன்றும் எவ்விதியையும் அரசு வகுக்கலாம் என்பது இரண்டாவது. மீறுவோர் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 188-ஆம் பிரிவின்படி குற்றவாளிகள் என்பது மூன்றாவது. நல்லெண்ணத்துடன் செயற்பட்ட அதிகாரியின் மீது வழக்குத் தொடுக்க இயலாது என்பது நான்காவது. அடைக்கப்படுவோர்க்கு உணவு அளிப்பது எவர் பொறுப்பு, முறையீட்டைக் கேட்பவர் எவர் என்பவை பற்றி ஒரு சொல்லும் இல்லை. அலுவலகத்து நாற்காலிக்குக்கூட இதனினும் நீண்ட விதிமுறை உண்டு!

இச்சட்டத்தின் கொடிய முகத்தைப் புனே நகரம் கண்டது. அங்குப் பிளேக் குழுவின் தலைவராக வந்த வால்ட்டர் ராண்ட், 1897 மார்ச்சில் வீடு வீடாகச் சோதனையிடப் படைவீரர்களை ஏவினார். அடுக்களையிலும் பூசையறையிலும் அவர்கள் புகுந்தனர். பெண்டிரை வெளியே நிறுத்திச் சோதித்தனர் என்ற குமுறல் ஊரெங்கும் எழுந்தது. மனுக்கள் எழுதப்பட்டன, அவற்றால் பயன் விளையவில்லை. ஜூன் 22-ஆம் நாள், விக்டோரியா அரசியின் வைரவிழாக் கொண்டாட்டம் முடிந்து திரும்புகையில் ராண்டும், ஆயர்ஸ்ட் என்னும் படையதிகாரியும் சுடப்பட்டனர். சாபேகர் உடன்பிறப்பினர் தூக்கிலிடப்பட்டதும், திலகர் அரச நிந்தனைக் குற்றத்துக்காக 18 மாதச் சிறைத்தண்டனை பெற்றதும் அனைவரும் அறிந்த வரலாறு. கொலையை நாம் போற்றவில்லை. எனினும் மனுவுக்குச் செவி சாய்த்திருந்தால் துப்பாக்கி பேசியிருக்குமா என்ற ஐயம் நமக்கு எழாமல் இல்லை.

1898 மார்ச்சில், பம்பாயின் நெசவாளர் பகுதியில் நோயுற்ற சிறுமி ஒருத்தியை மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல முயன்றபோது கலகம் மூண்டது, காவலர் சுட்டனர். 1900 ஏப்ரலில் கான்பூரில் நோயாளிகளைத் தனிமைப்படுத்தும் முகாம் தீக்கிரையாயிற்று. நம் சென்னை மாகாணத்தில், நோய்ப் பகுதியிலிருந்து வருவோர் ‘பிளேக் பாஸ்போர்ட்’ என்ற சீட்டைப் பெற்று, குறித்த நாள்வரை அதிகாரிகளிடம் தம்மைக் காட்டிவர வேண்டியிருந்தது. 2020-இல் மாவட்ட எல்லையைக் கடக்க ‘இ-பாஸ்’ தேடி அலைந்த தமிழர்க்கு அச்சீட்டின் பேரன் அறிமுகமானவனே. கலகங்களைக் கண்ட ஆங்கில அரசு, பத்தொன்பதாம் நூற்றாண்டு முடிவதற்குள்ளாகவே கட்டாயத்தைப் படிப்படியாகத் தளர்த்தியது. எனினும் தளர்ந்தது நடைமுறையே. சட்டம் அப்படியே நின்று, 2020-இல் மீண்டும் கையில் எடுக்கப்பட்டது.

இனிக் கேரளத்துக்கு வருவோம். 2020 மார்ச் 29-இல் கோட்டயம் மாவட்டத்துப் பாயிப்பாட்டில் வடநாட்டுத் தொழிலாளர் பெருந்திரளாகச் சாலைக்கு வந்தனர். ஊர் செல்ல வண்டி வேண்டும் என்பதே அவர்தம் கோரிக்கை. மாவட்ட ஆட்சியரும் காவல் அதிகாரிகளும் பேசிக் கலைத்தனர்; மறுநாள் அம்மாவட்டத்தில் 144 தடையுத்தரவு பிறந்தது. ஆயின் அக்கூட்டத்தின் வினாவுக்கு விடையளித்தது தடையுத்தரவு அன்று. மே 1-ஆம் நாள் ஆலுவாயிலிருந்து புவனேசுவரத்துக்குப் புறப்பட்ட தொழிலாளர் சிறப்பு இரயிலே.

பூந்துறை நிகழ்ச்சி இதனினும் நினையத்தக்கது. திருவனந்தபுரத்தை அடுத்த அம்மீனவர் ஊரில் ஜூலையில் நோய் விரைந்து பரவியது. கன்னியாகுமரிப் பக்கத்திலிருந்து வந்த மீனோடு நோயும் வந்தது என்று சொல்லப்பட்டது. அதிரடிப்படைக் காவலர் இறக்கப்பட்டனர்; கடலுக்குச் செல்லத் தடை; அண்டை ஊர்க் கடைகளுக்குச் செல்லவும் வழியில்லை. போதாக்குறைக்கு, நோயைப் பரப்புவோர் என்ற பழிச்சொல் வேறு. ஜூலை 10-இல் மக்கள் தடையை மீறித் தெருவுக்கு வந்தனர். மருத்துவப் பணியாளரின் வண்டியை மறித்தனர். அது தவறே; அப்பணியாளர்கள் யார்க்கும் தீங்கு செய்தவர் அல்லர். ஆனால் இரண்டே நாள்களில், அதே பூந்துறை மக்கள் அதே பணியாளரை மலர் தூவி வரவேற்றனர். இடையில் நிகழ்ந்தது என்ன? பேச்சு நடந்தது, ஊர்ப் பெரியோரும் பாதிரியாரும் நடுநின்றனர், உணவுப்பொருளுக்கு வழி பிறந்தது. மக்கள் இரண்டு நாளில் மாறவில்லை. அவர்களோடு பேசிய மொழியே மாறிற்று.

அதே ஜூலையில் கேரளம் வேறொரு வகைக் கூட்டத்தையும் கண்டது. தூதரகப் பெயரில் வந்த சரக்கில் தங்கம் கடத்தப்பட்ட வழக்கையொட்டி, எதிர்க்கட்சிகள் அரசைக் கண்டித்து ஊர்தோறும் போராடின. தடியடி நடந்தது, கண்ணீர்ப்புகை எழுந்தது, தண்ணீர் பீச்சப்பட்டது. ஈண்டு ஒன்றைச் சொல்லாமல் இருக்க இயலவில்லை. முகக்கவசத்தைத் தண்ணீரால் நனைத்து, இருமச் செய்யும் புகையை வீசி, பிடிபட்டோரை ஒரே வண்டியில் நெருக்கி ஏற்றுவது எந்த மருத்துவ நூலின்படி நோய்த்தடுப்பு ஆகும்? அங்கே நின்ற காவலரும் அதே காற்றைத்தானே மூச்சிழுத்தனர்!

எறணாகுளத்தில் உள்ள கேரள உயர்நீதிமன்றம் ஜூலை 15-ஆம் நாள் இதில் தலையிட்டது. சென்னை உயர்நீதிமன்றத்திலிருந்து வந்து தலைமை நீதிபதியாய் இருந்த தமிழர் எஸ். மணிகுமார் அவர்களும் நீதிபதி ஷாஜி பி. சாலி அவர்களும், நோய்க்கால நெறிமுறைகளை மீறிய போராட்டங்களுக்கு ஜூலை 31 வரை தடை விதித்தனர். அத்தடையின் நியாயத்தை நாம் மறுக்கவில்லை. சட்டமன்றமும் செய்தித்தாளும் தொலைக்காட்சியும் தமக்கெனக் கொண்ட கட்சிகள் சில வாரங்கள் தெருவை விட்டு நிற்பதால் அவற்றின் குரல் அடங்கிவிடாது.

பூந்துறை மீனவர்க்கும் பாயிப்பாட்டுத் தொழிலாளிக்கும் தெருவன்றி வேறு மன்றம் இல்லை. அவர்களது குறையே அடைப்பைப் பற்றியது. அடைத்து வைத்தவரிடமே, அடைப்பை மீறாமல், அவர்கள் எவ்வாறு முறையிடுவர்? இவ்விரு கூட்டங்களும் ஒன்றல்ல. ஆயினும் 1897-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு இரண்டும் ஒன்றே. 2020-இல் கேரளம் தனக்கெனப் பிறப்பித்த கொள்ளைநோய் அவசரச் சட்டத்துக்கும் இரண்டும் ஒன்றே. இரண்டாண்டுச் சிறை அல்லது பத்தாயிரம் ரூபாய் அபராதம், அல்லது இரண்டும்.

மட்டாஞ்சேரிக்கு இவ்வேறுபாட்டைப் பிறர் கற்பிக்க வேண்டியதில்லை. துறைமுகத்தில் அன்றைய வேலைக்கான ‘சாப்பா’ வில்லைகளைக் கூட்டத்தில் எறிந்து, அவற்றைப் பொறுக்க ஏழைகளை மோதவிட்ட முறையை எதிர்த்து இங்குத் தொழிலாளர் போராடினர். 1953 செப்டம்பர் 15-இல் காவலர் சுட்டனர். அப்போராட்டத்தில் மூன்று தொழிலாளர் உயிர் இழந்தனர். அன்று நோயும் இல்லை, நோய்ச் சட்டமும் இல்லை. ஆனால் கூடினோர் எதற்காகக் கூடினர் என்று கேளாமல், கூடினர் என்பதையே குற்றமாகக் கொள்ளும் பார்வை அன்றும் இருந்தது.

2020 ஆகஸ்டில் கேரள அரசு, நோய்ப் பகுதிகளை வகுப்பதிலும் தொடர்புடையோரைக் கண்டறிவதிலும் காவல்துறைக்குப் பெரும்பொறுப்பை அளித்தது. கொச்சி மாநகரக் காவல் ஆணையர் விஜய் சாக்கரே மாநில ஒருங்கிணைப்பு அதிகாரியானார். மருத்துவர் அமைப்புகள் இதனை எதிர்த்தன. நோயாளிகளின் கைப்பேசி விவரங்களைத் திரட்டுவது குறித்து எதிர்க்கட்சித் தலைவர் ரமேஷ் சென்னித்தலா உயர்நீதிமன்றம் சென்றார். கோபுர இருப்பிட விவரம் மட்டுமே கொள்ளப்படும் என்று அரசு அங்கே உரைத்தது. நோயாளியைக் குற்றவாளியைத் தேடும் முறையில் தேடலாமா என்ற கேள்விக்கு மட்டும் எவரும் நேராக விடை சொல்லவில்லை.

தமிழ்நாட்டில் 2021 பிப்ரவரியில், ஊரடங்கை மீறியோர் மீது பதிவான ஏறத்தாழ 10 இலட்சம் வழக்குகளைக் கைவிடுவதாக அன்றைய முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி அறிவித்தார். வன்முறையில் ஈடுபட்டோர், போலி இ-பாஸ் பெற்றோர், காவலரைப் பணி செய்யவிடாது தடுத்தோர் ஆகியோரின் வழக்குகள் இதில் சேரா என்றும் கூறப்பட்டது. எவர் எதற்காக வெளியே வந்தார் என்று வகை பிரிக்கும் வேலை அப்போதுதான், கோப்புகளின் மேல், ஏறத்தாழ ஓராண்டு கழித்துத் தொடங்கியது.