சாரங்கின் ஆட்கள்

கல்கத்தாவில் பிரின்ஸெப் துறைக்குத் தெற்கே, ஹூக்ளி நதிக்கரையில், நூறடி உயரத்துக்கு நாற்சதுரமாக எழுந்து நிற்கும் ஸ்தூபி ஒன்று உண்டு. நான்கு புறமும் பழங்காலத்து மரக்கலத்தின் அணியம் வெளியே நீண்டிருக்க, கீழே அலைகள் வரிவரியாக ஓட, உச்சியில் பொன்முலாம் பூசிய கவிகையோடு விளங்கும் அதை 1924 பிப்ரவரியில் வங்காள கவர்னர் லிட்டன் பிரபு திறந்து வைத்தார். முதல் மகாயுத்தத்தில் வர்த்தகக் கப்பல்களில் வேலை செய்து மாண்ட, வங்காளத்தையும் அஸ்ஸாமையும் சேர்ந்த 896 கலாசிகளின் நினைவாக எழுப்பப்பட்டது அது. அந்த யுத்தத்துக்கு அவ்வளவேனும் நடந்தது. அடுத்த யுத்தத்துக்கு இப்படியொரு ஸ்தூபியும் எழவில்லை.

லஸ்கர் என்று வெள்ளைக்காரர் அழைத்த இந்த மாலுமிகள், சில்ஹெட், நவகாளி, சிட்டகாங், ரத்னகிரி, கோவா முதலிய பிரதேசங்களிலிருந்து பிழைப்புத் தேடித் துறைமுகத்துக்கு வந்து, மாலுமிகளின் தலைவனான சாரங்கின் தயவை நாடி, அவனுக்குக் கப்பம் கட்டி, ஒப்பந்தத்தில் கைநாட்டு வைத்துக் கப்பலேறியவர்கள். 1939-ல் யுத்தம் மூண்டபோது பிரிட்டிஷ் வர்த்தகக் கப்பல்களில் சுமார் 50,000 இந்தியர் இருந்தார்கள். அந்தக் கப்பல்களின் சிப்பந்திகளில் ஏறக்குறைய நாலில் ஒருவர் நம்மவர். பகைவனின் டார்ப்பிடோ தாக்குவது நீர்மட்டத்துக்குக் கீழே. கொதிகலனுக்குக் கரி அள்ளிப் போடும் சில்ஹெட்டுக்காரன் நின்றதும் அங்கேதான். மேல்தட்டில் இருப்பவன் படகை நோக்கி ஓடலாம். இவனோ இருட்டிலும் நீராவியிலும் இரும்பு ஏணியைத் தேடவேண்டும். இவ்வளவுக்கும் அவனுக்குக் கிடைத்த சம்பளம் வெள்ளைக்கார மாலுமியின் சம்பளத்தில் கால் பங்கு, அல்லது அதற்கும் குறைவு.

யுத்தம் தொடங்கிய சில வாரங்களிலேயே, இரட்டிப்புச் சம்பளம் கேட்டு, லண்டன், கிளாஸ்கோ முதலிய துறைகளில் அவர்கள் கப்பலேற மறுத்தார்கள். ஒப்பந்தத்தை மீறினார்கள் என்று பலர் சிறையிலடைக்கப்பட்டனர். ஆயினும் சம்பளம் உயர்ந்தது, யுத்தப்படியும் வந்தது. உயிருக்கு ஆபத்து வரும் வேளையில் ஊதியம் கேட்டது துரோகம் என்று அக்காலத்தில் சொன்னவர் உண்டு. அந்தப் பேச்சுக்கு என் மனம் இன்றும் ஒப்பவில்லை. வெள்ளைக்கார மாலுமியின் கதியும் மேலென்று சொல்வதற்கில்லை; கப்பல் மூழ்கினால் அன்றோடு சம்பளம் நிற்பதென்ற கொடிய வழக்கம் 1941 மே மாதத்தில்தான் நீங்கியது.

1940 செப்டம்பர் 17-ஆம் தேதி இரவு, கனடாவுக்கு அனுப்பப்பட்ட 90 குழந்தைகளை ஏற்றிச் சென்ற 'ஸிட்டி ஆப் பெனாரஸ்' என்ற கப்பலை ஜெர்மானிய நீர்மூழ்கி அட்லாண்டிக்கில் வீழ்த்தியது. 77 குழந்தைகள் மாண்டனர். அக்கப்பலின் சிப்பந்திகளில் பெரும்பாலோர் இந்தியர். பருத்திச் சட்டையோடு படகுகளில் இறங்கிய அவர்களில் அநேகர் குளிரில் விறைத்து உயிர்விட்டனர். 46 பேரோடு எட்டு நாள் அலைந்தபின் மீட்கப்பட்ட ஒரு படகிலும் பெரும்பான்மையோர் இவர்களே. எனினும், அந்தப் படகைப் பற்றிப் பின்னர் எழுதப்பட்டவற்றில், ஆறு சிறுவர்களும் அவர்களைக் காத்த மாதரசியும் பெயரோடு விளங்க, இந்தியர்களோ பெரும்பாலும் ஒரு தொகையாகவே நின்றுவிட்டார்கள். சிறுவர்களையும் அம்மாதையும் போற்றியது நியாயமே. பக்கத்தில் நடுங்கியவனுக்கும் ஒரு பெயர் இருந்ததல்லவா?

அந்த யுத்தத்தில் மாண்ட இந்திய வர்த்தக மாலுமிகள் ஆறாயிரத்துக்கு மேற்பட்டவர். சிறைப்பட்டவர் ஆயிரத்துக்கு மேல். லண்டன் டவர் குன்றில் 1955-ல் திறக்கப்பட்ட நினைவுச் சின்னத்தில் ஏறத்தாழ 24,000 வர்த்தக மாலுமிகளின் பெயர்கள் வெண்கலத்தில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. இந்திய ஒப்பந்தத்தில் சென்று மாண்டவர்களின் பெயர்களோ, கடற்படையினர் பெயர்களோடு சேர்த்துப் புத்தகமாக எழுதப்பட்டு, பம்பாயிலுள்ள மாலுமிகள் இல்லத்தில் ஒரு பிரதியும் சிட்டகாங் யுத்த மயானத்தில் ஒரு பிரதியுமாக வைக்கப்பட்டன. திறந்து பார்ப்பவனுக்கே அவை தெரியும். போனவர்கள் சேவித்த கொடி இங்கிலாந்தினுடையது. சில்ஹெட்டும் நவகாளியும் 1947-ல் பாகிஸ்தானாகி, 1971-ல் வங்காள தேசமாயின. எந்த அரசாங்கம் இவர்களைத் தன்னவர் என்று சொல்லவேண்டும் என்பதே குழம்பிப்போயிற்று. பெயர்கள் இருக்கின்றன, அச்சேறியும் இருக்கின்றன. அவற்றைக் கல்லில் பொறித்து, கப்பலேறப் போகிறவன் நின்று படிக்கும்படி பம்பாய், சிட்டகாங் துறைமுகங்களின் வாயிலிலும் நிறுத்துவதற்கு இன்றும் தடையொன்றுமில்லை.