துக்ளக் தர்பார்: ஓபியில் காதில் விழுந்த ஒரு சொல்

ஒரகடம் பக்கம் காண்ட்ராக்ட்டில் வேலை பார்க்கிற ஒரு தம்பி போன வாரம் ஓபிக்கு வந்தார். தலைவலி, நெஞ்செரிச்சல், தூக்கமே இல்லை. திங்கள் டே ஷிஃப்ட், புதன் நைட், வெள்ளி மறுபடி டே. முந்தின நாள் ராத்திரி வாட்ஸ்அப்பில்தான் சொல்லுவாங்களாம். "ஏன்பா இப்படி?"ன்னு கேட்டேன். "துக்ளக் தர்பார் சார்"னு சிரிச்சார்.

ராத்திரி ட்யூட்டியில அந்த வார்த்தையே மண்டைக்குள்ள ஓடுச்சு. அதான் இந்த த்ரெட்.

முகமது பின் துக்ளக், 1325 முதல் 1351 வரை டெல்லி சுல்தான். கணிதம், தத்துவம், வைத்தியம் எல்லாம் கற்றவர். முட்டாள்னு யாரும் சொல்ல முடியாது. 1327 வாக்கில் தேவகிரிக்கு தௌலதாபாத்னு பேர் வச்சுத் தலைநகராக்கி, டெல்லியின் பெரிய குடும்பங்களைக் கிளம்பச் சொன்னார். ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல. சில வருஷம் கழிச்சு, திரும்பிப் போகலாம்னு இன்னொரு உத்தரவு!

அப்புறம் வெள்ளி டங்காவுக்குச் சமமா செம்பு, பித்தளைக் காசு. யோசனை தப்பில்லைங்க. சீனாவில் குப்ளாய் கான் காலத்திலேயே காகிதப் பணம் ஓடுச்சு. நம்ம பையில இருக்கிற 500 ரூபாயும் காகிதம்தானே? ஆனா கள்ளக்காசைத் தடுக்க வழி பண்ணாம விட்டுட்டார். ஆளாளுக்குக் காசு அடிச்சாங்க. கடைசியில அதையெல்லாம் வாங்கிக்கிட்டு கஜானாவிலிருந்து வெள்ளியை அள்ளிக் கொடுக்க வேண்டியதாப் போச்சு.

நமக்கும் இதுல பங்கு உண்டு. 1335 வாக்கில் மதுரையில் இருந்த அவரோட ஆளுநர் ஜலாலுதீன் அஹ்சன், தானே சுல்தான்னு அறிவிச்சுட்டார். அடக்கப் படையோட கிளம்பிய துக்ளக் வாரங்கல் தாண்டலை. கொள்ளைநோய் படையைத் தின்னுடுச்சு. அவருக்கும் உடம்பு முடியாமப் போய்த் திரும்பினார். வழியில விழுந்த பல்லைப் புதைச்சு அதுக்கொரு சமாதி கட்டினார்னு பெரிஷ்தா எழுதி வச்சிருக்கார். பல் டாக்டர் நண்பர்கள் கவனிக்க.

அவர்கிட்ட டெல்லியில் காஜியா வேலை பார்த்த இபின் பதூதா எழுதினதுதான் எனக்கு முக்கியமாப் படுது. அரண்மனை வாசலில் ஒரு பக்கம் பரிசு வாங்கின ஏழை, இன்னொரு பக்கம் கொலைத் தண்டனை. எது யாருக்குன்னு தெரியாம அந்த வாசலுக்குத் தினம் போய் வரணும்.

தமிழ்நாட்டில் இந்தப் பேர் வீட்டுக்கு வீடு போனதுக்கு சோ பெரிய காரணம்: 1968இல் நாடகம், 1970இல் பத்திரிகை, 1971இல் படம். அப்புறம் டீக்கடை வரைக்கும் துக்ளக் தர்பார்தான்.

ஒரு விஷயம் கவனிங்க. மனநலப் பிரிவு வாசலில் உட்கார்ந்திருக்கிறவங்களை ஊர் கூசாம 'கிறுக்கு', 'லூசு'ன்னு சொல்லும். யாரும் 'துக்ளக்'னு சொல்றதில்லை. அந்தப் பேருக்கு உத்தரவு போடற கை வேணும். விளைவு அடுத்தவன் உடம்புல இறங்கணும். அது நோயின் பேர் இல்லை, அதிகாரத்தின் பேர். தம்பி அதைச் சரியாத்தான் சொன்னார்.

வயித்துக்கு மாத்திரை எழுதினேன். தூக்கத்துக்கு எதை எழுத? அடுத்த வியாழன் வந்து காட்டுங்கன்னேன்.

"புதன் ராத்திரிதான் சார் தெரியும்."