சால்டரிங் புகையும் காரீயமும்

மின்னணுப் பலகைகளில் பற்றவைக்கும் (சால்டரிங்) வேலையால் உடலுக்குக் கேடு இரண்டு வழியாக வருகிறது: மூச்சு வழியே புகை, வாய் வழியே காரீயம். புகையிலேயே காரீயம் ஆவியாக வருகிறது என்று பழுதுபார்ப்போர் பலர் நம்புகிறார்கள். வழக்கமான சால்டர் கம்பியில் வெள்ளீயம் 63, காரீயம் 37 விழுக்காடு. அது 183 டிகிரி செல்சியசில் உருகும். பற்றவைக்கும் கருவியான அயனின் முனையில் சூடு பெரும்பாலும் 300 முதல் 400 டிகிரி வரை. காரீயம் கொதிக்கவோ சுமார் 1,750 டிகிரி வேண்டும். ஆகவே மேசையில் ஆவியாகும் காரீயம் மிகச் சொற்பம்.

மூக்கில் ஏறும் வெண்புகை, பற்றவைக்க உதவுவதற்காகக் கம்பியின் நடுவே அடைத்திருக்கும் ஃப்ளக்ஸிலிருந்து கிளம்புவது. பைன் மரப் பிசினிலிருந்து கிடைக்கும் ரோசின்தான் அதில் முக்கியம். சூட்டில் அது சிதைந்து, பிசின் அமிலத் துகள்களையும் ஃபார்மால்டிஹைடு போன்ற வாயுக்களையும் விடுகிறது. கண் எரியும், தொண்டை கரகரக்கும். சிலருக்கு ஆஸ்துமாவே வந்துவிடும். ஒருமுறை ஒவ்வாமை பிடித்துவிட்டால் பிறகு துளிப் புகையே இழுப்பைக் கிளப்பும். விடுமுறையில் தணிந்தாலும், இழுப்பு இரவில் வருவதும் உண்டு என்பதால், பலருக்கு வேலையின் மேல் சந்தேகமே வருவதில்லை.

காரீயம் ஏறுவது கையால். ஒரு கையில் அயன், மறுகையில் போர்டு, பல்லில் கடித்த கம்பி என்று வேலை பார்ப்பதும், அதே விரலால் வடையைப் பிட்டுத் தின்பதும் நேர்வழிகள். உருகிய சால்டரை உறிஞ்சி எடுக்கும் ‘சக்கர்’ கருவியைத் தட்டினால் கொட்டும் பொடி இன்னும் மோசம். விழுங்கிய காரீயத்தில் பெரியவர்கள் உடலில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு சேர்கிறது; சிறு குழந்தைகளிடம் பாதி வரை. வேலைச் சட்டையோடு வீட்டுக்குப் போகும் தூசி அதனால்தான் கவலைக்குரியது. எலும்பில் பல்லாண்டு தங்கும் காரீயம், கர்ப்ப காலத்தில் இரத்தத்துக்குத் திரும்பிக் கருவையும் தொடும். சோர்வு, மலச்சிக்கல், வயிற்றுவலி, இரத்தசோகை போன்ற அறிகுறிகள் எந்த நோய்க்கும் பொருந்தக்கூடியவை. இரத்தப் பரிசோதனைதான் உறுதி செய்யும். டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராம் எட்டினாலே காரீயம் எங்கிருந்து வருகிறது என்று கண்டறிந்து நிறுத்த வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2021 வழிகாட்டுதல்.

அயன் முனைக்கு அருகிலேயே புகையை உறிஞ்சி வெளியேற்றும் குழாய்தான் நல்ல ஏற்பாடு. மின்விசிறி புகையை அடுத்தவர் முகத்துக்குத் தள்ளுகிறது. துணி முகக்கவசத்தால் பயனில்லை. சாப்பிடும் முன் சோப்புப் போட்டுக் கைகழுவுவது செலவில்லாத காப்பு.

ஐரோப்பிய ஒன்றியம் 2006 ஜூலை 1 முதல் மின்னணுப் பொருள்களில் காரீயத்தைக் கட்டுப்படுத்தியபின் காரீயமில்லாச் சால்டர் பரவியது. அதன் வழக்கமான வகைகள் சுமார் 217 டிகிரிக்கு மேல்தான் உருகும். கூடுதல் சூட்டில் ஃப்ளக்ஸ் புகை கூடுமே தவிரக் குறையாது. செல்பேசி பழுதுபார்ப்போரில் பலர் எளிதில் உருகும் காரீயப் பேஸ்ட்டையே இன்றும் விரும்புகிறார்கள். காரீயமின்றித் தயாரான போர்டும் அவர்கள் மேசையில் காரீயம் ஏறித்தான் திரும்புகிறது.