நைரூஸ் நாளும் ஓமான் கடலும்

ஹிஜ்ரி 251-ஆம் ஆண்டு ஜமாதுல் அவ்வல் மாதத் தொடக்கத்தில் ஓமான் நாட்டின் வடகரையைப் பெருமழையும் பெருவெள்ளமும் தாக்கின. இமாம் ஸல்த் இப்னு மாலிக் அவர்கள் ஆட்சி புரிந்த காலம் அது. சீனத்து வாணிகத்தின் தலைவாயில் என்று அக்காலப் புவியியலார் போற்றிய ஸுஹார் துறைமுகமும், அதனை அடுத்திருந்த கடலோர ஊர்களும் சின்னாபின்னமாயின. வீடுகளும் பேரீச்சந் தோட்டங்களும் அழிந்தன, மாண்டோர் பலர். ஓமானிய வரலாற்றாசிரியர்கள் இதனை வருந்தி எழுதி வைத்துள்ளனர்.

ஜமாதுல் அவ்வல் என்று படித்த மாத்திரத்தில் அது கோடையா குளிர்காலமா என்பது நமக்கு விளங்குவதில்லை. பிறைக் கணக்கை ஞாயிற்றுக் கணக்கோடு ஒப்பிட்டுப் பார்த்தால்தான் உண்மை புலப்படுகிறது. அது கி.பி. 865, ஜூன் முதல் வாரம்!

இனி வேறு மூன்று நாட்களை இதன் அருகில் வைத்துப் பார்ப்போம். 1890 ஜூன் 5-ஆம் நாள் மஸ்கத்தைப் புயல் தாக்கியது. ஒரே நாளில் 286 மில்லிமீட்டர் மழை கொட்டியது. எழுநூறு பேருக்கு மேல் மூழ்கி இறந்தனர். 1977 ஜூன் 13-இல் மஸீரா தீவின் கட்டடங்கள் ஏறத்தாழ யாவும் ஒரு புயலுக்கு இரையாயின. அதில் மடிந்தோர் நூற்றுக்கு மேல். 2007 ஜூன் 6-இல் 'கோனு' என்னும் பெரும்புயல் ரஸ்ஸுல் ஹத் முனையைக் கடந்து மஸ்கத் கரையை உலுக்கியது. ஹிஜ்ரிக் கணக்கில் இவை முறையே ஷவ்வால், ஜமாதுல் ஆகிர், ஜமாதுல் அவ்வல் என மாறி மாறி வருகின்றன. கதிரவன் கணக்கிலோ நான்கும் ஜூன் மாதத்தின் முதற் பதினைந்து நாட்களுக்குள் அடங்கிவிடுகின்றன. ஆயிரத்து நூற்று நாற்பது ஆண்டுகளுக்கு அப்பாலும் இப்பாலும் அதே வாரம், அதே கரை.

இதற்குரிய காரணத்தை அறிய அந்தக் கரையின் இளவேனிலை அறிய வேண்டும். மஸ்கத் நகரம் ஏறத்தாழக் கடகரேகையின்மீது அமைந்தது. மார்ச்சு மாதம் அங்கே இனிய காலம். குளிர்கால வடகீழ்க் காற்று தளர்ந்து, கடல் கண்ணாடி போல் கிடக்கும். ஏப்ரல், மே மாதங்களில் வெயில் ஏற ஏற, அரபிக் கடலின் மேல்நீர் முப்பது பாகை செல்சியசு வரையிலும் அதற்கு மேலும் சூடேறுகிறது. தென்மேற்குப் பருவக்காற்று இன்னும் முழு வலிமை பெறாத நேரம் அது. கீழே சூடான கடல். மேலே சுழலைச் சிதைக்க வலுவான காற்றில்லாத வானம். புயல் கருக்கொள்வதற்கு இவ்விரண்டும் போதும். பருவக்காற்று ஓங்கிய பிறகு, கீழ்வானில் மேற்கிலிருந்தும் மேல்வானில் கிழக்கிலிருந்தும் காற்று எதிரெதிராக வீசிச் சுழலைக் கிழித்துவிடுகின்றது. மேலும் ளுஃபார் கரையோரம் ஆழத்துக் குளிர்நீர் மேலெழுந்து கடலைக் குளிர்விக்கின்றது. ஆகவே ஜூலை, ஆகஸ்டில் கடல் எவ்வளவு சீறினாலும் பெரும் சூறாவளி பிறப்பது அரிது. பருவக்காற்று வரும் முன்னும் அது போன பின்னுமே அஞ்சத்தக்க காலம்.

இந்த விளக்கம் இக்கால அறிவியல் தந்தது. காரணம் அறியாவிடினும் காலத்தை அறிந்தவர்கள் முன்பே இருந்தனர். அவர்கள் அரபு மாலுமிகள்.

'மாலுமி' என்னும் நம் சொல்லே 'முஅல்லிம்' என்ற அரபுச் சொல்லின் திரிபு என்று தமிழகராதி குறிக்கின்றது. கப்பலை நடத்துபவனை ஆசிரியன் என்று அழைத்த சமுதாயம் அது! ஆங்கிலத்தில் பருவக்காற்றைக் குறிக்கும் 'மான்சூன்' என்பதும் 'மவ்ஸிம்' என்னும் அரபுச் சொல்லிலிருந்து போர்த்துக்கீசியர் வழியாகப் போன சொல்லே. மவ்ஸிம் என்பது காற்றன்று; ஒரு செயலுக்கு உரிய காலம். ஹஜ்ஜுக்கும் மவ்ஸிம் உண்டு. கடற்பயணத்துக்கும் மவ்ஸிம் உண்டு.

ஆனால் இவ்விரண்டு மவ்ஸிம்களும் ஒரே நாட்காட்டியில் அடங்குவதில்லை. இடைச்செருகல் மாதம் சேர்த்து ஆண்டைப் பருவத்தோடு பொருத்தி வந்த அறியாமைக்கால வழக்கத்தைத் திருக்குர்ஆன் விலக்கிவிட்டது. அதனால் ரமளான் எல்லாப் பருவங்களையும் சுற்றி வருகின்றது. கோடையில் நோற்பவனும் குளிரில் நோற்பவனும் தம் வாழ்நாளில் ஒருவர் நிலையை மற்றவர் அடைகின்றனர். இதன் அருமையை நாம் அறிவோம். எனினும் ஷஅபானில் பாய் விரிக்கலாம் என்று ஒரு மாலுமி எழுதி வைத்தால் அடுத்த தலைமுறை அதை நம்பிக் கடலில் மாண்டுபோகும். காற்று பிறையைப் பார்த்து வீசுவதில்லை.

ஆகவே நம் மாலுமிகள் என்ன செய்தனர்? பாரசீகரின் நைரூஸ் ஆண்டைக் கையாண்டனர். 365 நாட்கள் கொண்ட அந்த ஆண்டின் முதல் நாளிலிருந்து ஒன்று, இரண்டு, மூன்று என எண்ணிக்கொண்டே போவார்கள். இன்ன துறையிலிருந்து இன்ன துறைக்குப் புறப்பட நைரூஸின் இத்தனையாம் நாள் என்பதே அவர்கள் வாய்பாடு. ஜுல்ஃபாரில் பிறந்த அஹ்மத் இப்னு மாஜித், ஹிஜ்ரி 895-இல் (கி.பி. 1490-ஐ ஒட்டி) முடித்த 'கிதாபுல் ஃபவாயித்' என்னும் பெருநூலில் இந்த முறையையே கையாளுகின்றார். அவருக்குப் பின் வந்த சுலைமான் அல்-மஹ்ரீயும் அவ்வாறே. இப்னு மாஜிதின் காலத்தில் நைரூஸ் நவம்பர் நடுவில் வந்தது; எனவே மேலே கண்ட புயல் வாரம் அவர் கணக்கில் ஏறத்தாழ இருநூறாம் நாளை ஒட்டி விழும். மிகுநாள் சேர்க்காத ஆண்டாதலால் நான்கு ஆண்டுக்கு ஒரு நாள் அதுவும் பின்வாங்கும். தந்தையின் ஏட்டை மகன் அப்படியே நம்பிவிட முடியாது, திருத்திக்கொள்ள வேண்டும். நோன்புக்கும் ஹஜ்ஜுக்கும் பிறை, கடலுக்குக் கதிரவன் என இரு கணக்குகளையும் ஒரே நெஞ்சில் சுமந்தவர்கள் அவர்கள். அதில் எந்த முரண்பாட்டையும் அவர்கள் கண்டதாகத் தெரியவில்லை.

அவர்களது கணக்கில் இளவேனில் ஒரு பொன்னான வேளை. அதுவே கத்தி முனையும்கூட. 'ரஃஸுர் ரீஹ்', அதாவது காற்றின் தலை என அவர்கள் அழைத்த தொடக்கக் காற்று ஏப்ரல், மே மாதங்களில் மெல்ல எழும். அதைப் பிடித்தால் அரபுக் கரையிலிருந்து இந்தியாவின் மேல்கரைக்கு விரைந்து வந்துவிடலாம். சில நாட்கள் பிந்தினால் போயிற்று! இந்தியத் துறைகள் அலையால் அடைபட்டுவிடும். ஏறத்தாழ மூன்று திங்கள் கடல் மூடப்படும். 'கல்க்' என்று அதற்குப் பெயர். கடைசிச் சரக்குக்காகத் துறையில் காத்திருந்த வணிகன் புறப்படும்போது, கதகதப்பான அந்தக் கடலில் புயலும் புறப்பட்டிருக்கும்.

அக்கடலின் கொடுமைக்குப் பெருவரலாற்றாசிரியர் மஸ்ஊதி சான்று பகர்கின்றார். ஹிஜ்ரி 304-இல் கிழக்கு ஆப்பிரிக்கப் பக்கத்துக் கன்பலூ தீவிலிருந்து ஓமானுக்குத் தாம் திரும்பி வந்த கப்பலையும், அதன் உரிமையாளர்களான ஸீராஃப் நகரத்துச் சகோதரர் இருவரையும் பெயர் சுட்டிக் குறிப்பிடுகின்றார். அந்த இருவரும் பின்னொரு பயணத்தில் அதே கடலில் கப்பலோடும் ஆட்களோடும் மூழ்கிவிட்டனர். சீனக் கடல், காஸ்பியன் கடல், மத்தியதரைக் கடல் எனப் பலவற்றை அறிந்திருந்த அவருக்கு ஜன்ஜுக் கடலைவிட அச்சம் தருவது வேறொன்றில்லையாம்.

இந்த அச்சம் நம் காயலுக்கும் உரியதுதான். பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில், பாரசீக வளைகுடாவின் கீஷ் தீவிலிருந்து ஜமாலுத்தீன் என்னும் பெருவணிகர் பாண்டிய நாட்டுக்கு ஆண்டுதோறும் 1,400 குதிரைகள் அனுப்ப ஒப்பந்தம் செய்திருந்தார். அவருடைய சகோதரர் தகியுத்தீன் அப்துர் ரஹ்மான் பாண்டியனின் அமைச்சராய் விளங்கியவர். குதிரை ஒன்றுக்கு 220 செம்பொன் தீனார் விலை. வழியில் குதிரைகள் இறந்தாலும் அவற்றின் விலையை அரச கருவூலமே கொடுத்துவிட வேண்டும் என்பது உடன்படிக்கை. இதைப் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் பதிவு செய்திருக்கின்றார். பாண்டியன் அள்ளிக் கொடுத்த வள்ளல் என்று மட்டும் இதைப் படிப்போர் உண்டு. கடலை அறிந்த வணிகர் ஒருவர் அதன் ஆபத்தை அரசன் தலையில் ஏற்றிய சாமர்த்தியமாகவே இதனை நான் காண்கிறேன்.

பருவத்தின் முன்வாயில் மட்டுமன்றிப் பின்வாயிலும் கொடியது என்பதை உதுமானியக் கடற்படைத் தலைவர் ஸீதீ அலீ ரயீஸ் பட்டறிந்தார். 1554 ஜூலையில் சுல்தானின் ஆணைப்படி பஸராவிலிருந்து கலங்களைச் செலுத்தி, ஆகஸ்டில் ஓமான் கரையில் போர்த்துக்கீசியரோடு இருமுறை பொருதார். பின்னர் அவரது கப்பல்களை ஒரு பெரும்புயல் ளுஃபார் பக்கமிருந்து வாரிக் கொண்டுபோய்க் குஜராத்துக் கரையில் எறிந்தது. யானைப் புயல் என்று அதற்கு அவர் பெயர் தந்துள்ளார். அரண்மனைக் கட்டளைகள் நைரூஸ் நாளை எண்ணி எழுதப்படுவதில்லை போலும்! கப்பல்களை இழந்த அவர் அஹ்மதாபாத்தில் அமர்ந்து, இப்னு மாஜித், சுலைமான் அல்-மஹ்ரீ ஆகியோரின் ஏடுகளைத் துருக்கி மொழியில் தொகுத்து 'முஹீத்' என்னும் நூலாக்கினார். பின்பு தரைவழியாகச் சிந்து, டில்லி வழியே சுற்றி 1557-இல் தாயகம் சேர்ந்தார். அந்தப் புயல் வீசியிராவிட்டால் அந்நூல் பிறந்திராது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இக்கணக்கு வேறு கைகளுக்கு மாறிற்று. 1875-இல் இந்திய வானிலைத் துறை நிறுவப்பட்டது. அதன் தலைவர் பிளான்ஃபோர்டு இமயமலைப் பனியின் அளவைக் கொண்டு அவ்வாண்டின் மழையை முன்கூட்டிக் கூறும் முதல் அறிக்கையை 1886 ஜூனில் வெளியிட்டார். சரியாக நான்கு ஆண்டு கழித்து மஸ்கத்தில் எழுநூறு பேர் மூழ்கினர். பருவத்தின் போக்கைச் சொல்வது ஒன்று. புயல் எந்நாள் எக்கரை சேரும் என்று சொல்வது வேறொன்று. முன்னதை மாலுமிகளும் ஓரளவு அறிந்திருந்தனர். பின்னதைச் சொல்ல வானில் செயற்கைக்கோள் ஏற வேண்டியிருந்தது.

2007-இல் அந்த வசதி இருந்தது. வட இந்தியப் பெருங்கடலின் புயல்களைக் கண்காணிக்கும் பொறுப்பு டில்லியிலுள்ள நம் வானிலைத் துறையினுடையது. கோனு என்பது மாலத்தீவு அளித்த பெயர். மஸீரா தீவு மக்கள் முன்னரே வெளியேற்றப்பட்டனர். 1977-இல் அழிந்த அதே தீவு இம்முறை ஆட்களை இழக்கவில்லை. ஆயினும் ஓமானில் ஐம்பது பேர் அளவில் உயிரிழந்தனர். மலையிலிருந்து இறங்கிய வாதிகளின் வெள்ளமே பலரைக் கொண்டுபோயிற்று. ஆண்டு முழுதும் வறண்டு கிடக்கும் வாதியைச் சாலையாகவே கருதிப் பழகியவர்களுக்கு, புயல் என்றால் கடல் என்றுதான் தோன்றும்.

நம் இல்லங்களில் மஸ்கத்திலோ ஸலாலாவிலோ பிள்ளையையோ மருமகனையோ அனுப்பிவைக்காத வீடு குறைவு. மே மாதத் தொலைபேசியில் வெயிலைப் பற்றிக் கேட்போம்; விடுமுறையைப் பற்றிக் கேட்போம். கடலைப் பற்றிக் கேட்பதில்லை. 2018 மே மாத இறுதியில் 'மெகுனு' ஸலாலாவைத் தாக்கியபோதுதான், பாலைநாட்டிலும் புயல் உண்டா என்று பல தாய்மார் வியந்திருப்பர். அரபிக் கடல் சூடேறி வருவதால் அதில் கடும்புயல்கள் பெருகி வருகின்றன என்பது அண்மைக்கால ஆய்வாளர் கருத்து.

வங்கக் கடலில் பிறந்த 'குலாப்' புயல் 2021 செப்டம்பர் 26-இல் ஆந்திரக் கரையேறி, தீபகற்பத்தைக் குறுக்கே கடந்து, அரபிக் கடலில் இறங்கி, 'ஷாஹீன்' என்னும் புதுப்பெயரோடு மறுபிறவி எடுத்தது. அக்டோபர் 3-ஆம் நாள், ஹிஜ்ரி 1443 ஸஃபர் மாதத்தில், அது ஓமானின் வடகரையான பாத்தினாவில் ஏறியது. ஸல்த் இப்னு மாலிக் காலத்தில் வெள்ளம் வந்ததும், ஸுஹார் இன்றும் நிற்பதும் அந்தக் கரையில்தான்.