விலக்கு யார் கையில்? நில மண்டல விதிகளும் விதிவிலக்கும் பற்றி ஒரு வரலாற்றுக் குறிப்பு

நகரத் திட்டமிடலின் வரலாறு பெரும்பாலும் வரைபடங்களின் வரலாறாகவே எழுதப்படுகிறது. இங்கே குடியிருப்பு, அங்கே கடைவீதி, அதற்கப்பால் தொழிற்சாலை என்று வண்ணம் தீட்டிய படத்தை யார் வரைந்தார், எந்த ஆண்டில் அது சட்டமாயிற்று என்பதோடு அவ்வரலாறு முடிந்துவிடுகிறது. ஆனால் எந்த நகரமும் முழுமையாக வரைபடத்தின்படி கட்டப்படுவதில்லை. ஒவ்வொரு மனைக்கும் ஒரு விண்ணப்பம் வருகிறது. அவற்றுள் சில விதிக்குள் அடங்கும், சில அடங்கா. அடங்காதவற்றை என்ன செய்வது, அதை யார் முடிவு செய்வது, என்ன காரணம் சொல்லி முடிவு செய்வது என்ற கேள்விகளுக்கு ஒரு நாடு அளித்த விடைகளில்தான் அதன் திட்டமிடலின் உண்மை இயல்பு தெரியவரும் என்பது என் துணிபு. மண்டல விதிக்கு முறையான விலக்கு என்னும் ஏற்பாட்டை விரிவாக வளர்த்த நாடு அமெரிக்கா. ஆகவே அங்கிருந்து தொடங்கி, நம் நாட்டில் அதே கேள்வி கொண்ட வடிவத்தோடு இப்பதிவை முடிக்கிறேன்.

1915இல் நியூயார்க்கின் பிராட்வே தெருவில் ஈக்விடபிள் கட்டடம் எழுந்தது. தெருவோரத்திலிருந்து சற்றும் உள்வாங்காமல் ஏறத்தாழ 40 மாடிகள் செங்குத்தாக உயர்ந்த அது, சுற்றியிருந்த மனைகளின் வெளிச்சத்தை மறைத்தது. அதே காலத்தில் ஃபிஃப்த் அவென்யூவின் பெருவணிகர்களுக்கு வேறொரு கவலை இருந்தது. ஆயத்த ஆடைத் தொழிற்கூடங்கள் தங்கள் கடைகளை நெருங்கி வருவதையும், அங்கு வேலை செய்த குடியேறிகள் நண்பகல் வேளையில் நடைபாதையை நிறைப்பதையும் அவர்கள் வாணிகத்துக்குக் கேடாகக் கருதினர். வெளிச்சத்துக்கான கோரிக்கையும் வர்க்க அச்சமும் ஒன்றுசேர்ந்தே 1916 ஜூலை 25 அன்று நியூயார்க்கின் மண்டலத் தீர்மானத்தை நிறைவேற்றின. நிலப்பயன்பாடு, உயரம், கட்டடம் அடைக்கும் பரப்பு ஆகிய மூன்றையும் தனித்தனியே வகுத்து, நகரம் முழுமைக்கும் அது விதி செய்தது.

அத்தீர்மானத்தின் சட்டச் சிற்பியாகக் கருதப்படுபவர் வழக்கறிஞர் எட்வர்ட் பாசெட். அவருடைய முதன்மையான அச்சம் நீதிமன்றத்தைப் பற்றியது. இழப்பீடு தராமல் ஒருவருடைய சொத்தின் பயனைக் குறைக்கும் சட்டத்தை நீதிபதிகள் ஏற்பார்களா என்பது அன்று தெளிவாகவில்லை. பொதுவிதி எவ்வளவு நேர்மையாக எழுதப்பட்டாலும், கோணலான மனைக்கோ பாறைச் சரிவுக்கோ அது பொருந்தாது. அத்தகைய ஒரு மனையின் உரிமையாளர் வழக்குத் தொடுத்து வென்றால் விதி முழுவதுமே வீழக்கூடும். இந்த இடரைத் தவிர்க்கவே விதியோடு கூடவே ஒரு மேல்முறையீட்டு வாரியமும் பிறந்தது. விலக்கு என்பது பின்னாளில் புகுந்த ஓட்டை அன்று. சட்டம் நிலைக்க வேண்டும் என்பதற்காகத் தொடக்கத்திலேயே வைக்கப்பட்ட வழி.

இந்த அச்சம் வீணானதன்று என்பதை அடுத்த பன்னிரண்டு ஆண்டுகளில் வந்த மூன்று தீர்ப்புகள் காட்டின. கெண்டக்கி மாநிலத்தின் லூயிவில் நகரம், வெள்ளையர் பெரும்பான்மையாக வாழும் தெருப்பகுதியில் கறுப்பினத்தவர் குடியேறுவதையும், அதன் மறுதலையையும் தடுத்து விதி செய்திருந்தது. 1917இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாததாக்கியது; ஆனால் அது சார்ந்து நின்றது சமத்துவத்தைக் காட்டிலும் சொத்தை விற்கும் உரிமையையே. 1926இல் கிளீவ்லாந்து நகருக்கு அருகிலுள்ள யூக்ளிட் என்னும் ஊரின் வழக்கில், 68 ஏக்கர் வைத்திருந்த ஆம்ப்ளர் ரியல்டி நிறுவனத்தின் வாதம் தோற்று, மண்டல விதிகள் பொதுவாகச் செல்லும் என்றாயிற்று. தனிவீட்டுப் பகுதியில் எழும் அடுக்குமாடிக் குடியிருப்பை அத்தீர்ப்பு ஒட்டுண்ணிக்கு ஒப்பிட்டது. கீழ்நீதிமன்ற நீதிபதியோ, இவ்விதிகள் மக்களை வருமானத்தின்படி பிரித்து வைக்கின்றன என்று முன்னரே சுட்டியிருந்தார். இரண்டே ஆண்டுகள் கழித்து, 1928இல், மாசசூசெட்ஸின் கேம்பிரிட்ஜ் நகரத்து நெக்டோ வழக்கில் அதே உச்ச நீதிமன்றம் மறுபக்கத்தைக் காட்டியது. தொழிற்சாலையை அடுத்திருந்த மனையில் 100 அடி அகலப் பட்டை ஒன்றைக் குடியிருப்புக்கு மட்டும் என ஒதுக்கியது அந்த மனையளவில் செல்லாது என்றது. விதி பொதுவில் நிற்கும், தனிமனையில் வீழலாம் என்ற இந்த நிலையே விலக்கு வாரியங்களுக்கு உறுதியான தேவையை ஏற்படுத்தியது.

இதற்கிடையே ஹெர்பர்ட் ஹூவரின் தலைமையிலிருந்த வணிகத்துறை, மாநிலங்கள் பின்பற்றுவதற்கென ஒரு மாதிரிச் சட்டத்தை வெளியிட்டது. 1926இல் அது இறுதி வடிவம் பெற்றது. அச்சட்டமும் 1928இல் வந்த நகரத் திட்ட மாதிரிச் சட்டமும் வகுத்த வேலைப் பிரிவினையை மாணவர்கள் கூர்ந்து நோக்க வேண்டும். கட்டட அனுமதி கோரும் விண்ணப்பம் முதலில் கட்டட ஆய்வாளரிடம் செல்லும். வரைபடம் விதிக்குப் பொருந்துகிறதா என்று பார்ப்பது மட்டுமே அவர் பணி. பொருந்தினால் மறுக்கவோ பொருந்தாவிட்டால் இரங்கவோ அவருக்கு உரிமையில்லை. ஊரின் நீண்டகாலத் திட்டத்தை வகுப்பது திட்ட ஆணையத்தின் பொறுப்பு. விதி ஒரு மனையை அளவுக்கு மீறி நசுக்குகிறது என்ற முறையீட்டைக் கேட்பது ஐந்து உறுப்பினர் கொண்ட தனி வாரியம். பிற்காலத்தில் பல ஊர்களில் திட்ட ஆணையமே இந்த விசாரணையையும் ஏற்றுக்கொண்டது.

அந்த வாரியத்தின் மீது மாதிரிச் சட்டம் சுமத்திய கட்டுப்பாடுகள் கடுமையானவை. கூட்டங்கள் பொதுமக்கள் காணத் திறந்திருக்க வேண்டும். யார் எப்படி வாக்களித்தார் என்பது குறிப்பேட்டில் பதிவாக வேண்டும். விலக்கு அளிக்க ஐவரில் நால்வர் இசைய வேண்டும். விண்ணப்பதாரரின் இடர் அந்த மனையின் தனித்தன்மையால் விளைந்த, தேவையற்ற இன்னலாக இருக்க வேண்டும். பொதுநலனுக்கு மாறாகக் கூடாது. முடிவால் பாதிக்கப்பட்டவர் நீதிமன்றம் செல்லலாம்.

‘தேவையற்ற இன்னல்’ என்றால் என்ன? 1939இல் நியூயார்க் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஓட்டோ வழக்கில் இதற்கு மூன்று சோதனைகளை வகுத்தது. அனுமதிக்கப்பட்ட பயன்பாட்டில் அந்த நிலம் நியாயமான வருவாய் தரவியலாமை முதலாவது. அந்நிலை சுற்றுப்புறம் முழுமைக்கும் பொதுவாக இல்லாமல் அந்த மனைக்கே உரியதாக இருத்தல் இரண்டாவது. கோரும் பயன்பாடு அப்பகுதியின் அடிப்படை இயல்பை மாற்றாமை மூன்றாவது. கூடுதல் லாபம் கிடைக்கும் என்பது இன்னலாகாது. தெரு முழுவதற்கும் ஒரே குறை என்றால் மாற்ற வேண்டியது விதியையே என்பதும் இதில் அடங்கியிருந்தது.

எழுத்தில் இவ்வளவு இறுக்கம் இருந்தும் நடைமுறை நெகிழ்ந்தது. வாரிய உறுப்பினர்கள் உள்ளூர்க்காரர்கள், விண்ணப்பதாரரும் உள்ளூர்க்காரர். பக்கத்து வீட்டார் எதிர்க்கவில்லை என்றால் மறுக்க மனம் வருவதில்லை. 1962இல் ஜெஸ்ஸி டூக்மினியரும் கிளைட் ஸ்டேபிள்டனும் கெண்டக்கியின் லெக்சிங்டன் நகர வாரியத்தைப் பற்றி எழுதிய கட்டுரையின் தலைப்பே அதை முறைகெட்ட ஆட்சிக்கு ஓர் எடுத்துக்காட்டு என்று அழைத்தது. வாரியத்தின் முடிவுகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சட்டத்தின் சோதனைகளோடு ஒப்பிட்ட ஆய்வு அது. அதை எழுத முடிந்ததற்கு ஒரே காரணம், முடிவுகள் பதிவாகியிருந்தன என்பதுதான்.

1974இல் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் அளித்த டோப்பாங்கா தீர்ப்பு இவ்வரலாற்றில் ஒரு திருப்பம். லாஸ் ஏஞ்சலஸ் கவுன்டியின் திட்ட ஆணையம், டோப்பாங்கா பள்ளத்தாக்கில் 28 ஏக்கர் நிலத்தில் நடமாடும் வீடுகளுக்கான பூங்கா ஒன்றை அமைக்க விலக்கு அளித்திருந்தது. குடியிருப்போர் சங்கம் எதிர்த்து வழக்காடியது. அந்தத் திட்டம் பயனுள்ளதா என்பது கேள்வியே அன்று. இந்த நிலம் அண்டை நிலங்களிலிருந்து எவ்வாறு வேறுபடுகிறது என்பதே கேள்வி என்றது நீதிமன்றம். சான்றுகளிலிருந்து முடிவுக்கு எந்த வழியாக வந்தோம் என்பதை முடிவெடுத்த அமைப்பு எழுத்தில் காட்ட வேண்டும் என்றும் கட்டாயமாக்கியது. பக்கத்து நிலங்களைப் பற்றிய ஒப்பீட்டுத் தகவல் இல்லாமையால் அந்த விலக்கு நிலைக்கவில்லை.

இதை ஜனநாயகத்தின் வெற்றிக் கதையாக மட்டும் வாசித்துவிடக் கூடாது. திறந்த விசாரணை என்பது வருகிறவர்களின் குரலையே கேட்கும். காத்ரின் ஐன்ஸ்டைன், டேவிட் கிளிக், மாக்ஸ்வெல் பால்மர் ஆகிய மூவரும் மாசசூசெட்ஸ் ஊர்களின் திட்டக் கூட்டக் குறிப்பேடுகளை ஆராய்ந்து 2019இல் நூலாக்கினர். கூட்டத்தில் எழுந்து பேசியோரில் மூத்தவர்களும் ஆண்களும் சொந்த வீடுடையவர்களும் மக்கள்தொகையில் தமக்குரிய பங்கைவிட மிகுந்திருந்தனர். புதிய குடியிருப்புகளை எதிர்த்தோரே பெரும்பான்மையர். கட்டப்படவிருக்கும் வீட்டில் நாளை குடியேறப்போகும் வாடகைக்காரருக்கு அந்த அறையில் இருக்கை இல்லை. 1916இன் வணிகர்களது அச்சம் நூறாண்டு கழித்தும் வேறு சொற்களில் அங்கே ஒலிக்கிறது. ஆயினும் இந்த ஏற்றத்தாழ்வு அளக்கப்படக் கூடியதாக இருப்பதும் குறிப்பேடுகளின் பயனே.

இந்தியாவுக்கு வருவோம். 1915இன் பம்பாய் நகரத் திட்டச் சட்டமும் 1920இன் சென்னை நகரத் திட்டச் சட்டமும் அமெரிக்க மாதிரிச் சட்டத்துக்கு முற்பட்டவை. அவற்றின் மூலம் பிரிட்டிஷ் சட்ட மரபு. ஆகவே நம் வழி அமெரிக்க வழியின் திரிபன்று, தனி வழி. சென்னைச் சட்டத்தின் இடத்தில் வந்த 1971ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 113ஆம் பிரிவு, எந்த நிலத்துக்கும் கட்டடத்துக்கும் சட்டத்தின் எந்த விதியிலிருந்தும் விலக்கு அளிக்கும் அதிகாரத்தை மாநில அரசுக்கு வழங்கியது. ஐவர் வாரியம் இல்லை. திறந்த கூட்டம் இல்லை. இன்னலுக்கான சோதனையும் அப்பிரிவில் இல்லை.

1980களின் இறுதியில் இப்பிரிவின்கீழ் தளப்பரப்புக் குறியீடு, உயரம், பக்க இடைவெளி, வாகன நிறுத்தம் ஆகியவற்றைத் தளர்த்திப் பல அரசாணைகள் பிறந்தன. சென்னையின் கன்ஸ்யூமர் ஆக்‌ஷன் குரூப் தொடுத்த வழக்கில் 2000ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பிரிவு செல்லும், ஆனால் சட்டத்தின் நோக்கத்துக்கு இசையவே அதைப் பயன்படுத்தலாம் என்று கூறி, வழக்கில் வந்த 62 அரசாணைகளையும் நீக்கியது. அதே தீர்ப்பு, 1998இல் சேர்க்கப்பட்ட 113-அ பிரிவை, அதாவது கட்டணம் பெற்றுக்கொண்டு விதிமீறல் கட்டடங்களை வரன்முறைப்படுத்தும் ஏற்பாட்டை, ஒரே முறை மட்டும் என்ற அளவில் ஏற்றது. அந்த ‘ஒரே முறை’ அடுத்தடுத்த திருத்தங்களால் நீட்டிக்கப்பட்டது. 2006இல் சென்னை உயர் நீதிமன்றம் அந்நீட்டிப்புகளைச் செல்லாதவை என்றது. அதன் பிறகும் 2007க்கு முன் எழுந்த கட்டடங்களுக்காக 113-இ என்னும் புதிய பிரிவு வந்தது.

தில்லியில் இதே கதை நாடாளுமன்ற அளவில் நிகழ்ந்தது. குடியிருப்புகளில் நடந்த வணிகத்துக்கு முத்திரையிடுமாறு 2006 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. அதே ஆண்டு மே மாதம், ஓராண்டுக்கு நடவடிக்கையை நிறுத்திவைக்கும் சிறப்புச் சட்டம் நிறைவேறியது. அந்த ஓராண்டு இன்றுவரை நீண்டுகொண்டிருக்கிறது.

இவற்றையெல்லாம் ஊழல் என்ற ஒரே சொல்லில் அடக்குவது எளிது. ஆனால் முழு உண்மையாகாது. நகரத்து உழைப்பாளிகளில் பெரும்பகுதியினருக்குச் சட்டப்படி வாங்கத்தக்க வீட்டைத் திட்டமே ஒதுக்கவில்லை என்றால் அவர்கள் திட்டத்துக்கு வெளியே கட்டித்தான் வாழ்வார்கள். அவர்களுக்கு வரன்முறை உயிர்நாடி. சிக்கல் என்னவெனில், பக்க இடைவெளியை விழுங்கிய பல மாடி வணிக வளாகமும், மகன் திருமணத்துக்காக மாடியில் ஓர் அறை எழுப்பிய குடும்பமும் ஒரே அட்டவணையில், ஒரே வகைக் கட்டணத்தில் தீர்க்கப்படுகின்றன. எது இன்னல், எது லாபம் என்று பிரித்துப் பார்க்கும் விசாரணை நடப்பதே இல்லை. கட்டணம் பெறப்பட்டதற்குச் சான்று இருக்கிறது. காரணம் கூறப்பட்டதற்குச் சான்று இல்லை. தீயணைப்பு வண்டி நுழைய வேண்டிய இடைவெளி போனதால் யாருக்கு என்ன ஆபத்து என்று கேட்க அண்டை வீட்டாருக்கு அழைப்பும் இல்லை.

ஆகவே அமெரிக்க வாரியத்தை அப்படியே இங்கே நட வேண்டும் என்று நான் வாதிடவில்லை. அதன் குறைகளை மேலே கண்டோம். விலக்கு எங்கும் தவிர்க்க முடியாதது. அதை அளிப்பவர் அண்டையாரின் முன்னிலையில், மனைவாரியாக, காரணம் எழுதி அளிக்க வேண்டும் என்பதே அந்த வரலாறு விட்டுச் சென்ற குறைந்தபட்சப் பாடம்.

ஆய்வு மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். நம் பெருந்திட்டங்களைப் பற்றிப் போதிய ஆய்வுகள் வந்துவிட்டன. ஏதேனும் ஒரு நகரத்தில், ஒரே ஒரு வார்டில், அனுமதி பெற்ற வரைபடத்தையும் இன்று நிற்கும் கட்டடத்தையும் வரன்முறை ஆணையையும் அருகருகே வைத்துப் படியுங்கள். கோப்புகள் எளிதில் கிடைக்கா. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்க வேண்டியிருக்கும், மேல்முறையீடும் செய்ய வேண்டியிருக்கும். எந்தக் கேள்விக்கு அலுவலகத்தில் தாளே இல்லை என்பதையும் குறித்து வையுங்கள். அதுவும் இவ்வரலாற்றுக்கு உரிய சான்றுதான்.